கதவைத் திறந்தது காற்றுதான்

பிரேக் அக்காவின் நாக்குக்கு மட்டும் பிரேக் கிடையாது என்பது அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட எல்லாருக்கும் தெரியும். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அக்காவின் வலது கால் எப்போதும் அதன் மேல்தான். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் அந்தத் தெருவில் யாருக்கும் ஆளைத் தெரியாது.

"ஸ்டீயரிங்கை ஏன் திருடன் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிற? அது எங்கயும் ஓடிப் போகாது."

"அந்தக் கண்ணாடி தலை வாரிக்கறதுக்கு இல்ல தம்பி. பின்னால ஒருத்தன் வர்றான், அவனுக்கும் வீட்டுல பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க."

இப்படித்தான் அவள் பாடம் நடக்கும். திட்டு வாங்கியவர்கள் முதல் வாரம் அழுவார்கள், கடைசி வாரம் இனிப்புப் பெட்டியோடு வருவார்கள். வாயால் பிழைக்கிறவள் என்று அவள் கணவர் சொல்வார். போட்டோகாப்பி இயந்திரம் பழுது பார்க்கிற அவர், நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

அப்பேர்ப்பட்ட அக்கா ஒரே ஒருத்தரிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மகளின் மாமியார். அந்த அம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வராந்தாவில் நடந்து வரும் சத்தம் கேட்டால் இளம் டாக்டர்கள் கையிலிருக்கும் டீயை மறைப்பார்களாம். பெற்ற மகனே அவரை 'மேட்ரன்' என்றுதான் கூப்பிடுவான். முதலில் கேலியாக ஆரம்பித்தது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

மகளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அக்கா அந்த அம்மாளிடம் பேசியது மொத்தம் இரண்டு வாக்கியங்கள். ஒன்று, "ஆமாங்க சம்பந்தி." இன்னொன்று, "சரியாச் சொன்னீங்க சம்பந்தி." மேட்ரன் என்ன சொன்னாலும் இந்த இரண்டில் ஒன்றை எடுத்து வைப்பாள். பெண்ணைக் கொடுத்த இடம். நம்முடைய வாயால் அவள் வாழ்க்கையில் ஒரு கீறல் விழக்கூடாது என்று மனதுக்குள் ஒரு பயம்.

ஒரு நாள் மேட்ரன், "நான் கார் ஓட்டக் கத்துக்கப்போறேன். நம்ம சம்பந்தியே ஸ்கூல் வச்சிருக்காங்க, வேற எங்க போறது?" என்று அறிவித்தார். அக்கா தன் இரண்டு வாக்கியங்களில் ஒன்றை எடுத்தாள். "சரியாச் சொன்னீங்க சம்பந்தி" என்றாள்.

பாடம் ஆரம்பித்தது. மேட்ரன் முதல் கியருக்குப் பதில் மூன்றாவதைப் போட்டு வண்டியைக் குலுக்கினால், "பரவாயில்லைங்க, மூணாவதும் நல்ல கியர்தான்" என்பாள் அக்கா. நடைபாதை மேல் ஒரு சக்கரம் ஏறினால், "உங்களுக்கு நல்ல தைரியம் சம்பந்தி" என்பாள். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் போனால், "இந்தப் பக்கமும் ஒரு வழி இருக்கு" என்பாள். சொல்ல வேண்டியதையெல்லாம் வாய் சொல்லாததால் கால் செய்தது. நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் அக்காவே தன் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். மேட்ரனோ தானே நிறுத்துவதாக நினைத்துக்கொண்டார்.

"வண்டி என் பேச்சைக் கேக்க ஆரம்பிச்சிடுச்சு, பாத்தீங்களா?"

"ஆமாங்க சம்பந்தி."

லைசென்ஸ் தேர்வில் அக்காவின் இருக்கையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். அவர் எதற்குத் தன் காலை அசைக்கப் போகிறார்? முதல் தடவை மேட்ரன் வரிசையாக வைத்திருந்த கூம்புகளைப் படுக்கப் போட்டார். அடுத்த தடவை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது வண்டி பின்னாலேயே உருண்டுபோய் வேலிச் செடிக்குள் ஓய்வெடுத்தது. இரண்டு தடவையும் "அந்த ஆளு சரியில்ல" என்றார் மேட்ரன். இரண்டு தடவையும் ஆமாம் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள் அக்கா.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் மருமகன் கைக்குழந்தை உட்பட எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்துப் படித்த 'புயல்விழுங்கி' என்ற சித்திரக்கதையைக் கார்ட்டூன் படமாக எடுத்திருந்தார்கள். வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு சாதாரணக் குடும்பப் பெண், புயல் வந்தால் அதை வாய்க்குள் இழுத்து விழுங்கிவிடுவாள். கணவனுக்கும் சின்ன மகளுக்கும் அது தெரியாது. சட்டை நனைந்து வீட்டுக்கு வந்தால் பஸ் கிடைக்கவில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். அவ்வளவுதான் கதை. சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு போன அக்கா, இடைவேளைக்கு முன்பே பாப்கார்னை மறந்துவிட்டாள். இரண்டு இருக்கை தள்ளி மேட்ரன் முன்னால் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு பெரும்புயல். ஊரையே வாரிக்கொண்டு போகிற அளவு. அவள் கடலுக்கு மேலே பறந்துபோய் அதை விழுங்குகிறாள், விழுங்குகிறாள், தாங்க முடியாமல் உடம்பு ஒளியாகிச் சிதறுகிற மாதிரி ஒரு வெளிச்சம். பிறகு கடல் அமைதி. அடுத்த காட்சி வீடு. சோபாவில் அப்பாவும் மகளும் காத்திருந்து காத்திருந்து தூங்கிப் போயிருக்கிறார்கள். காட்சி மெதுவாக நடை வழியே வாசலுக்குப் போகிறது. பூட்டாமல் வைத்திருந்த கதவு ஒரு கையளவு திறக்கிறது. சுவரில் தொங்கும் காலண்டர் தாள்கள் படபடக்கின்றன. இருட்டு. முடிந்தது.

"என்னய்யா இது!" என்று யாரோ பின் வரிசையில் கத்தினார்கள்.

வெளியே வந்ததும் மேட்ரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தீர்ப்பு மாதிரி சொன்னார். "எப்படியோ, நல்லபடியா வீடு வந்து சேந்துட்டா."

அக்கா எப்போதும்போல வாயைத் திறந்தாள். 'ஆமாங்க சம்பந்தி' என்று வர வேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது.

"இல்லையே. அவ எங்க வந்தா?"

அக்காவின் கணவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள்.

"வந்தாளே. கதவு திறந்துதே," என்றார் மேட்ரன்.

"அது காத்து, சம்பந்தி. புயல்ல மிச்சம் இருந்த காத்து. அவதான் கடல் மேலயே கரைஞ்சு போயிட்டாளே."

"கைப்பிடி திரும்பிச்சு. நான் பாத்தேன்."

"கைப்பிடி திரும்பவே இல்ல. அதுல ஒரு பை தொங்கிட்டு இருந்தது, அது ஆடிச்சு."

"பையா? அங்க பையே இல்ல."

"உங்க கண்ணாடியை மாத்தணும் சம்பந்தி."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்கு உறைத்தது. கணவர் அவள் முழங்கையைக் கிள்ளினார். கிள்ளிய வேகத்தில் அவளுக்குக் கோபம்தான் கூடியது. "என்னை ஏன் கிள்ளறீங்க? பை இருந்துது!"

மருமகன் மட்டும் குஷியாகிவிட்டான். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் புகுந்தான். "அத்தை, மேட்ரன், ரெண்டு பேரும் கேளுங்க. புத்தகத்துல கடைசிப் படத்துல கதவு மூடியேதான் இருக்கும். சினிமாவுலதான் திறந்து வச்சிருக்காங்க."

"பாத்தீங்களா? அவ வந்துட்டாங்கறதைக் காட்டத்தான் திறந்திருக்காங்க," என்றார் மேட்ரன்.

"எழுதினவர் மூடி வச்ச கதவை இவங்க எதுக்குத் திறக்கணும்? அடுத்த பாகம் எடுக்கறதுக்கு!"

கார் நிறுத்தும் இடம் வரைக்கும் இது நடந்தது. அங்கே மேட்ரன் திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டு, "நான் வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மகனின் காரில் ஏறினார்.

மாலையில் மகளிடமிருந்து போன். "அம்மா, உனக்கு என்ன ஆச்சு? கண்ணாடியை மாத்துங்கன்னா சொல்வாங்க? அத்தை வந்ததுல இருந்து யார்கிட்டயும் பேசல. ரூமுக்குள்ள கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து என்னத்தையோ படிச்சிட்டு இருக்காங்க. ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடேன்."

"கேக்கறேன்டி," என்றாள் அக்கா. "ஆனா பை இருந்துது."

"அம்மா!"

மறுநாள் பாட நேரத்துக்கு மேட்ரன் வர மாட்டார் என்றுதான் அக்கா நினைத்தாள். சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். உட்கார்ந்து பெல்ட் போட்டார், கண்ணாடியைச் சரி செய்தார், வண்டியை எடுத்தார். அக்கா மன்னிப்பை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு சமயம் பார்த்தாள். பெட்ரோல் பங்க் தாண்டியது. பேக்கரி தாண்டியது. சந்திப்பு விளக்கில் நின்றபோது மேட்ரன் நேரே பார்த்தபடி சொன்னார்:

"நேத்து பூரா இன்டர்நெட்டுல தேடினேன். உலகம் முழுக்க இதே சண்டைதான் போட்டுட்டு இருக்காங்க. நிறையப் பேரு என் கட்சி."

மன்னிப்பு நாக்கிலிருந்து வழுக்கி விழுந்து காணாமல் போனது.

"நிறையப் பேரு சொன்னா ஆயிடுமா? எல்லாருக்கும் அவ திரும்பி வரணும்னு ஆசை. ஆசைப்பட்டா படம் மாறுமா?"

"உங்களுக்கு ஏன் அவ வரக்கூடாதுன்னு இருக்கு?"

"வரக்கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்? வந்திருந்தா, அவ்வளவு பெரிய புயலை விழுங்கினதுக்கு என்ன மதிப்பு? சும்மா ஒரு நனைஞ்ச சட்டை, பஸ் கிடைக்கலன்னு ஒரு பொய்யி, அவ்வளவுதானா?" அக்கா இருக்கையில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஆட்டிப் பேசினாள். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அவள் கால் பிரேக்கை விட்டு வந்துவிட்டிருந்தது. அதை அவளே கவனிக்கவில்லை.

விளக்கு பச்சையானதும் வண்டி நகர்ந்தது. "மதிப்பு எல்லாம் செத்தாதான் வருமா?" என்று கேட்டுக்கொண்டே மேட்ரன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். முன்னால் மெத்தைகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு போன லாரி சட்டென்று நின்றது.

அக்கா காலை நீட்டினாள். பிரேக் அங்கே இல்லை. அவள் கால்தான் வேறெங்கோ இருந்தது.

"மிதி! பிரேக்கை மிதி! மிதிடீ!"

மேட்ரன் மிதித்தார். வண்டி ஒரு குலுக்கலோடு, மெத்தை உறையில் அச்சடித்திருந்த பூக்களை எண்ணிவிடுகிற தூரத்தில் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. லாரி போய்விட்டது. மேட்ரன் வண்டியை மெதுவாக ஓரங்கட்டி, கை பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார். எல்லாம் வரிசை தப்பாமல்.

"இப்ப என்னை என்னன்னு சொன்னீங்க?"

அக்கா இழுத்தாள். "மிதிங்கன்னு..."

"இல்ல. கடைசியில ஒரு எழுத்து இருந்துது."

"சம்பந்தி, அது... அவசரத்துல..."

"எங்க பெரியக்கா போனதுக்கப்புறம் என்னை 'டீ' போட்டுக் கூப்பிட ஆளே இல்ல," என்றார் மேட்ரன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அக்கா பதறினாள். பார்த்தால் சிரிப்பு. கண்ணில் நீர் வர, மூச்சு வாங்க, ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. ஓரமாக நடந்து போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் மேட்ரன் கேட்டார். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இந்த வண்டியை நான் இதுக்கு முன்னாடி எப்பவாவது நிறுத்தியிருக்கேனா?"

"இல்லைங்க சம்பந்தி. நான்தான் நிறுத்தினேன்."

"நான் எப்படித்தான் ஓட்டறேன்?"

அக்கா மூச்சை இழுத்து விட்டாள். "கண்றாவியா ஓட்டறீங்க."

"அதை இத்தனை நாளா சொல்றதுக்கு என்ன?"

"எப்படிங்க சொல்றது?"

"இப்ப சொன்னீங்களே, அப்படித்தான்," என்று மேட்ரன் சாவியைத் திருப்பினார்.

அன்றிலிருந்து அந்தக் காருக்குள் நடந்ததை யாராவது வெளியிலிருந்து கேட்டிருந்தால் இரண்டு குடும்பமும் கோர்ட்டுக்குப் போகப்போகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். "கிளட்சை எறும்பு நசுக்கற மாதிரி மிதிக்காதீங்க!" என்று அக்கா கத்துவாள். "காலண்டர் உள்பக்கமா பறந்துச்சா, வெளிப்பக்கமா பறந்துச்சா, அதைச் சொல்லுங்க முதல்ல!" என்று மேட்ரன் கத்துவார். மகனிடமிருந்து புத்தகத்தை வாங்கி டேஷ்போர்டில் வைத்திருந்தார். சிவப்பு விளக்கு விழுந்தால் போதும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஏதாவது ஒரு பக்கத்தை விரித்துவிடுவார். பச்சை விழுந்ததும் அக்கா புத்தகத்தைப் பிடுங்குவாள். வாதம் சூடு பிடிக்கப் பிடிக்க மேட்ரனின் கையும் காலும் தாமாகவே வேலையைப் பார்க்க ஆரம்பித்தன. யோசித்து யோசித்துக் கியர் மாற்றியவர், "கடலுக்குள்ள விழுந்தவளுக்கு நீச்சல் தெரியாதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே வழுக்காமல் மாற்றினார்.

ஒரு நாள் பயிற்சி மைதானத்தில் மேட்டுப் பாடம் முடிந்து, ஜன்னல்களை இறக்கிவிட்டு இருவரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேட்ரன் வழக்கமான குரலில் பேசவில்லை.

"என் வீட்டுக்காரர் இருந்தப்ப, நைட் டூட்டி முடிச்சு நான் விடியறப்பதான் வருவேன். அவர் தாழ்ப்பாளைப் போடாம வெறுமனே சாத்தி வச்சிட்டுப் படுத்திருப்பாரு. அவரையும் பையனையும் எழுப்பிடக் கூடாதேன்னு கதவைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளுவேன். சத்தம் வர்ற இடம் எதுன்னு எனக்குத் தெரியும், அங்க மட்டும் நிறுத்தித் தள்ளுவேன். அந்தப் படத்துல கதவு அப்படித்தான் திறந்துச்சு சம்பந்தி. காத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

அக்கா பாட்டிலைத் திறந்தபடியே பிடித்திருந்தாள். எதிரே மைதானத்தில் வேறொரு பள்ளியின் வண்டி முக்கி முனகி மேடு ஏறிக்கொண்டிருந்தது. பழைய 'ஆமாங்க சம்பந்தி' தானாகவே எழுந்து உதடு வரைக்கும் வந்து நின்றது. இப்போது சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லிவிட்டால் இந்த அம்மாள் மறுபடியும் மேட்ரனாகத் தனியாக உட்கார்ந்துவிடுவார் என்று ஏனோ அவளுக்குத் தோன்றியது. பாட்டிலை மூடி வைத்தாள்.

"உங்க வீட்டுக் கதவைத் திறந்தது நீங்கதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல," என்றாள். "ஆனா அந்தக் கதவைத் திறந்தது காத்துதான்."

மேட்ரன் பெல்ட்டை மாட்டினார். பிறகு உதட்டோரம் அசைந்தது. "பிடிவாதக்காரி."

"யாரு, நானா?"

"பின்னே, காத்தா?" என்று வண்டியை எடுத்தார் மேட்ரன்.

மூன்றாவது தேர்வு வந்தது. மீசையைச் சீராகக் கத்தரித்த புது இன்ஸ்பெக்டர் ஒருவர் முன் இருக்கையில் ஏறினார். அக்காவைப் பின்னால் உட்கார அனுமதித்தார்கள். மேட்ரன் கியர் கம்பியைப் பிடித்தார். எத்தனையோ ஆபரேஷனுக்குக் கத்தி எடுத்துக் கொடுத்த கை. முதல் கியருக்குத் தடவி, மூன்றாவதைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்தது. அக்காவின் கால் தானாக முன்னால் நீண்டது. காலடியில் பிரேக் இல்லை. இருந்தது வாய் மட்டும்தான்.

"சம்பந்தி," என்றாள். "நேத்து உங்க மருமகளே என்கிட்ட சொல்லிட்டா, அது காத்துதானாம்."

மேட்ரனின் முதுகு நிமிர்ந்தது. "அவ தியேட்டர்ல பாதி நேரம் குழந்தைக்குப் பால் பாட்டில் தேடிட்டு இருந்தா. அவளுக்கு என்ன தெரியும்?" வண்டி முதல் கியரில் வெண்ணெயாக நகர்ந்தது.

"தேர்வு நேரத்துல பின்னால பேசக் கூடாதுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். அடுத்த தெரு முனையில் இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார். "நீங்க பேசினது... புயல்விழுங்கி பத்தியா?"

"நீங்களும் பாத்தீங்களா?" என்றார் மேட்ரன், கண்ணாடியைப் பார்த்துச் சைகை விளக்கைப் போட்டபடி.

"பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போனேன். நீங்க ரெண்டு பேருமே தப்பு. கதவைத் திறந்தது அவளோட குழந்தை."

"குழந்தையா!" என்று காருக்குள் இரண்டு குரல் ஒன்றாக வெடித்தது.

"குழந்தைதான் சோபாவுல தூங்குதே!" என்றாள் அக்கா, விதியையெல்லாம் மறந்து.

"முதல்ல தூங்குச்சு. அப்புறம் சோபாவை மறுபடி காட்டினாங்களா? காட்டலையே. அம்மாவைத் தேடி எழுந்து வந்திருக்கும்."

இதை இருவருமே யோசித்திருக்கவில்லை. வண்டி ஒரு திருப்பம் திரும்பியது. பிறகு மேட்ரன் ஆரம்பித்தார். அந்த வயதுக் குழந்தைக்கு எவ்வளவு உயரம் இருக்கும், கைப்பிடி எவ்வளவு உயரத்தில் இருந்தது, தூக்கத்தில் எழுந்த குழந்தை சத்தம் போடாமல் வருமா, அழுதுகொண்டுதான் வரும் என்று அடுக்கிக்கொண்டே போனார். போகிற போக்கில் மேட்டில் நிறுத்தினார், ஒரு அங்குலம் பின்வாங்காமல் எடுத்தார். பின்னாலிருந்து அக்கா, "கதவு பூட்டல சார், சும்மா சாத்தியிருந்தது, காத்துக்கு அது போதும்" என்று தன் பங்குக்குப் போட்டாள். "நீங்க சும்மா இருங்க, இவரை முதல்ல முடிச்சிட்டு உங்ககிட்ட வரேன்" என்று சொல்லிக்கொண்டே மேட்ரன் பின்னால் பார்த்து வண்டியை இரண்டு கூம்புகளுக்கு நடுவே உட்கார வைத்தார். கூம்புகள் அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து இறங்கி, சக்கரத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"பாஸ்," என்றார். "ஆனா குழந்தைதான்."

திரும்பும்போதும் மேட்ரனே ஓட்டினார். பாஸான சந்தோஷத்தைக் கொண்டாட இருவருக்குமே நேரமில்லை.

"அந்த ஆளுக்கு என்ன திமிரு பாத்தீங்களா? குழந்தையாம்!"

"மீசையைப் பாத்தப்பவே நினைச்சேன்," என்றாள் அக்கா. "ஆனா சம்பந்தி, சோபாவை மறுபடி காட்டல. அது நிஜம்."

"நீங்க யாரு கட்சி?"

"என் கட்சிதான். காட்டலைன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

"அப்ப இன்னொரு தடவை பாத்துடணும். இந்த ஞாயித்துக்கிழமை. நான் கார் எடுத்துட்டு வரேன், நம்ம ரெண்டு பேரு மட்டும். உங்க வீட்டுக்காரர் வேண்டாம், கிள்ளுவாரு."

"கைப்பிடியில பை இருந்தா என்ன தருவீங்க?"

"பை இருந்தா நான் கண்ணாடியை மாத்திக்கறேன்," என்று சொல்லிவிட்டு மேட்ரன், அந்தக் காலண்டர் எந்த மாதத்தைக் காட்டியது, அந்த மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்று புதிதாக ஒரு ஆராய்ச்சியை ஆரம்பித்தார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெரு இடது பக்கம் வந்து, பின்னால் போனது. அக்கா அதைப் பார்த்தாள். சொல்லவில்லை. இருக்கையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, "காத்து எந்தத் திசையில இருந்து வந்தா என்ன சம்பந்தி?" என்று ஆரம்பித்தாள்.